சால்வை யாருக்கு? சேலத்துச் சேவைச் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்த ஆண்டு பொறுப்பேற்றிருக்கும் லயன்ஸ், ரோட்டரி மற்றும் ஏனைய சேவைச் சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், விருதுப் பட்டியல் தயாரிக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஒரு பதவியேற்பு விழாவுக்குப் போயிருந்தேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டல் மண்டபம். ஏழு மணி என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு எட்டேகாலுக்குத் தொடங்கினார்கள். அது பரவாயில்லை, நம் ஊர் வழக்கம்தான். மணி அடித்தார்கள், கொடி வணக்கம் ஆனது, பழைய தலைவர் கழுத்திலிருந்த பட்டயத்தைக் கழற்றிப் புதிய தலைவருக்குப் போட்டார். அப்புறம் சால்வை ஆரம்பித்தது. நான் சும்மா இருக்காமல் எண்ணினேன். முப்பத்தேழு. ஆளுநருக்கு (மாநில ஆளுநர் இல்லை, சங்கங்களின் மாவட்டத் தலைமைப் பொறுப்பாளர்), முன்னாள் ஆளுநர்களுக்கு, மண்டலத் தலைவருக்கு, வட்டாரத் தலைவருக்கு, அவர்கள் துணைவியருக்கு, மண்டப வாடகையைக் குறைத்துக்கொண்டவருக்கு, கேக் வாங்கித் தந்தவருக்கு. மேடையில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்குப் போர்த்தினார்கள். கீழே இருந்தவர்கள் வரிசையில் ஏறி வந்து அவர்களுக்குத் திருப்பிப் போர்த்தினார்கள். சில சால்வைகள் உறையைவிட்டு முழுசாக வெளியே வரவே இல்லை. அடுத்த விழாவுக்கு ஆகும்.

மண்டபத்தின் கடைசி வரிசையில், சமையல்காரர்கள் வந்து போகும் கதவுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒருவர் மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையில் கண் தான உறுதிமொழிப் படிவங்கள். வருகிறவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பத்தெட்டாவது சால்வை ஒன்று இருந்து, அது அவர் தோளுக்குப் போயிருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "வேணாங்க சார், பட்டறையில ஓட்டுவாங்க" என்றார். சரி, கொலுசுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பனங்காடு பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசை ஒட்டுவதற்குப் பற்றாசு வைத்து ஊதுகிற வேலை அவருக்கு. எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் கிடையாது. நம் ஆண்டுச் சந்தா, மாவட்டச் சந்தா, கூட்டத்துச் சாப்பாட்டுக் காசு எல்லாம் சேர்த்தால் அவருக்கு அது கட்டுபடியாகாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் அம்மா இறந்தபோது எங்கள் சங்கம் வந்து கண்களைத் தானமாகப் பெற்றது. அன்றிலிருந்து குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் போன் அவருக்குத்தான் போகும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நானே சங்கத்தில் சேர்ந்து ஆறு வருஷம் கழித்துத்தான் முதல்முறை கூடப் போனேன். குகையில் ஒரு தறிக்காரர் வீடு. மே மாதம். இரவு பதினோரு மணி. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், பறைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொலுசுக்காரர் செருப்பைத் தெருவிலேயே விட்டார். நேராக உள்ளே போகவில்லை. மூத்த மகன் எங்கே என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகன் சரி என்றதும் உள்ளே போய் அவர் செய்த முதல் வேலை, பிணத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தியது. அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்துவிட்டது. இந்தப் புழுக்கத்தில் இத்தனை பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், யார்யா நீ ஃபேனை நிறுத்துவதற்கு என்று ஒரு மாமா எழுந்தார்.

ஃபேன் ஓடினால் கருவிழி காய்ந்துபோகும். இமையை மூடி, அதன் மேல் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்த வேண்டும். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கி ஆட்கள் வந்து எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்குப் பதினைந்து, இருபது நிமிஷம் போதும். முகம் அப்படியே இருக்கும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், வயதானவர் எல்லாரும் கொடுக்கலாம். இதையெல்லாம் அந்த மாமாவிடம் கொலுசுக்காரர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறந்தா நீயா பொறுப்பு?" என்று ஒரு பாட்டி கேட்டார். "எங்கம்மா கண்ணையும் கொடுத்திருக்கேன் பாட்டி. அப்படிப் பொறந்தா அவங்களும் உங்க வீட்டுக்காரரும் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும்" என்றார். அந்தப் பாட்டி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். ஃபேன் நின்றபடி இருந்தது. கண் வங்கி வண்டி வரும்வரைக்கும் அவர் ஒரு அட்டையை வைத்துப் பாட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார், காற்று பிணத்தின் பக்கம் போகாத மாதிரி.

காலை எட்டு மணிக்கு அவர் பட்டறையில் இருக்க வேண்டும். இருந்தார்.

நம் மாதாந்திர அறிக்கையில் இது எப்படிப் பதிவாகும் என்று செயலாளர்களுக்குத் தெரியும். "கண் தானம்: 1 இணை. பயனாளிகள்: 2. பங்கேற்ற தன்னார்வலர்கள்: 5. மணி நேரம்: 10." இரண்டு தவணை செயலாளராக இருந்து நானே இப்படி எத்தனையோ வரி எழுதியிருக்கிறேன். ஐந்து பேர் என்பது பெரும்பாலும் புகைப்படத்தில் நின்றவர்களின் கணக்கு. மணி நேரம் என்பது குத்துமதிப்பு. படிவம் எத்தனை பேர் என்று கேட்கும், எவ்வளவு நேரம் என்று கேட்கும், எவ்வளவு செலவு என்று கேட்கும். யார் என்று கேட்காது. நானும் எழுதவில்லை.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கம் தரும் கதை. எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. அதில் நானும் ஒரு ஆள் என்பது மட்டும் போதும்.

ஒருநாள் அம்மாப்பேட்டையில் கண் தானம் முடிந்து ராத்திரி இரண்டரை மணிக்குத் திரும்பி வரும்போது கொலுசுக்காரர் வண்டியின் குறுக்கே நாய் பாய்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் ஊதுகுழலைப் பிடிக்க முடியவில்லை. பட்டறையில் எடைக்குக் கூலி. வேலை செய்தால்தான் காசு. எங்கள் வாட்ஸப் குழுவில் "விரைவில் குணமடைய வேண்டுகிறோம்" என்று கைகூப்பிய படங்களோடு அறுபதுக்கு மேல் செய்தி வந்தது. செயற்குழுவில் அவருடைய மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உறுப்பினர் அல்லாதவருக்குச் சங்க நிதியிலிருந்து செலவு செய்ய விதியில் இடமில்லை என்று முடிவானது. அந்த முடிவைக் குறிப்பேட்டில் எழுதிய கையெழுத்து என்னுடையது. வெளியே வந்து நாலைந்து பேர் கைக்காசு போட்டோம். பத்தவில்லை. அவர் மனைவியின் தோடு அடகுக்குப் போனது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதே ஆண்டு, கண் தானத்தில் சிறப்பாகச் செயல்பட்டதற்காக எங்கள் சங்கத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. தலைவர் வாங்கினார். நான் பக்கத்தில் நின்று ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் படம் இன்னும் சங்க அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

இதை எழுதுவதால் யாரையும் குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பணம் கொடுப்பவர்களை மட்டமாகப் பேசவும் நான் வரவில்லை. 1985இல் ரோட்டரி போலியோவைக் கையில் எடுத்தபோது உலகம் முழுக்க உறுப்பினர்கள் கொட்டிக் கொடுத்த காசு இல்லாமல் இந்த நாடு அந்த நோயிலிருந்து மீண்டிருக்காது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் ஹவுராவில் பதிவான ஒரு சிறு பெண் குழந்தை. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று கொடுத்தது. ஆனால் அந்தக் காசு தானாக நடந்துபோய் எந்தக் குழந்தையின் வாயிலும் சொட்டு விடவில்லையே. புது பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு மேஜை போட்டு, பெங்களூர் பஸ்ஸிலிருந்து தூக்கக் கலக்கத்தில் இறங்குகிற அம்மாக்களை வழிமறித்து, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்த அங்கன்வாடி ஆயா, செவிலியர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துதான் அது நடந்தது. நம் சங்கங்களின் விழா மலர்களில் அந்த வருஷத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நன்கொடையாளர் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கும். மை வைத்தவர் கை ஒரு ஓரத்தில் இருக்கும், கை மட்டும்.

நம்முடைய பெரிய கௌரவங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. அழைப்பிதழில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ "எம்.ஜே.எஃப்." என்றும் "பி.எச்.எஃப்." என்றும் போட்டிருப்பதைப் பார்த்து, ஏதோ படித்து வாங்கிய பட்டம் போலிருக்கிறது என்று என் சம்பந்தி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ் பெயரிலான கௌரவம் (பால் ஹாரிஸ் ஃபெலோ, அதுதான் பி.எச்.எஃப்.) 1957இல் வந்தது. லயன்ஸைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் பெயரிலானது (மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ, அதுதான் எம்.ஜே.எஃப்.) 1973இல் வந்தது. இரண்டுக்குமே அந்தந்த அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் செலுத்த வேண்டும். இன்றைக்கு நம் காசில் எண்பதாயிரத்துக்கு மேல். அந்தக் காசு நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் அந்த நிதியிலிருந்துதான் உதவி வருகிறது. ஆகவே கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள்.

ஆனால் அந்த இரண்டு கௌரவத்திலும் நாம் பெரும்பாலும் பயன்படுத்தாத ஒரு வசதி இருக்கிறது. பணம் கட்டுகிறவர் தன் பெயரில்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இல்லை. வேறு ஒருவர் பெயரில் வழங்கலாம். அவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இதுவரை நாம் அந்த வசதியை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறோம் என்றால், மனைவி பெயரில், மகன் பெயரில், ஒருமுறை பேரன் பிறந்த நாளுக்கு. பேரனுக்கு அப்போது வயது ஒன்று! தப்பில்லை, அவரவர் காசு. என்றாலும் இந்த ஆண்டு உங்கள் சங்கத்தில் யாராவது இரண்டாவது, மூன்றாவது முறை கட்டப்போகிறார் என்றால், அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கௌரவத்துக்குத் தருகிற சின்னம், சட்டையில் குத்திக்கொள்ளும் பின், ஏற்கெனவே அவரிடம் ஒன்று இருக்கிறது. அடுத்த பின்னை ஒரு கொலுசுக்காரரின் சட்டையில் குத்தச் சொல்லுங்கள். காசு போகிற இடத்துக்கே போகும். பெயர் மட்டும் வேறு ஆளுக்குப் போகும்.

ஏற்காட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சேர்வராயன் மலையில் ஒரு கண் முகாம் நடத்தினோம். கண் முகாம் நமக்குப் புதிதில்லை. 1925இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் எழுந்து நின்று, பார்வையற்றோருக்குத் துணையாக வாருங்கள் என்று கேட்டார். நம் முகாம்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி அங்கேதான். நூறு வருஷத்துப் பழக்கம் என்பதால் எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேதி குறித்தோம். ஆளுநர் வருகை அந்த வாரம் என்பதால் அந்தத் தேதி. பேனர் அடித்தாகிவிட்டது, மருத்துவமனையில் சொல்லியாகிவிட்டது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நாங்களும் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம்வரை வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் சுற்றுலா வந்தவர்கள், இலவசமாக சர்க்கரை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் தண்ணீர் கேன் இறக்க வந்திருந்தார். வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "பழம் பறிக்கிற நேரத்துல வெச்சா யாருங்க வருவாங்க? கிழவனும் கிழவியும்கூட தோட்டத்துலதான் இருப்பாங்க" என்றார். நவம்பரிலிருந்து காபிப் பழம் எடுப்பு. வீட்டில் இருக்கிற பெரியவர்கள்கூடப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கப் போக வேண்டும். காபி முடிந்தால் மிளகு. மலையில் வாழ்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த முறை அந்த அம்மாவைக் கேட்டுத் தேதி வைத்தோம். அவர் தேதி மட்டும் சொல்லவில்லை. முகாமுக்கு முந்தின வாரம் வேலை முடிந்து சாயங்காலம் சாயங்காலமாக ஊர் ஊராகப் போனார். எந்த வீட்டில் எந்தப் பாட்டி சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார், எந்தத் தாத்தா சோற்றில் கல் தெரியாமல் கடிக்கிறார் என்று அவருக்கு ஒரு பட்டியல் மனசில் இருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணப் புடுங்கிடுவாங்க" என்று பயந்தவர்களிடம், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட தன் மாமியாரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாமியார் ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினாராம். அந்த முகாமில் நாற்காலி பத்தாமல் பள்ளிக்கூட பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டோம்.

புரை முற்றியவர்களை அன்று மத்தியானமே வேனில் சேலத்துக்குக் கூட்டிவந்தார்கள். மலையைவிட்டு இறங்காத ஆட்கள் பாதிப் பேர். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. அந்த அம்மா பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் தயாராக வைத்திருந்தார். மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரிக்கும்வரை வார்டில் தரையில் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கூலி போனது. அதைப் பற்றி நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்ததும் ஒரு பாட்டி முதலில் பார்த்தது அந்த அம்மாவின் முகத்தை. "ஏண்டி, உனக்கு இவ்வளவு நரை விழுந்துடுச்சா!" என்றார் பாட்டி. வார்டே சிரித்தது. எனக்கு அந்த முகாமில் நினைவிருப்பது அது ஒன்றுதான். மேடையில் யார் என்ன பேசினார்கள் என்பது ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

பேச்சு வாக்கில் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் அமைப்புகளில் பெண்களுக்கு உறுப்பினர் உரிமை வந்ததே தாமதம். லயன்ஸ் 1987இல் கதவைத் திறந்தது. ரோட்டரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போய், 1987இல் தீர்ப்பு வந்து, 1989இல்தான் விதியை மாற்றினார்கள். அதுவரை முகாம்களில் சீட்டு எழுதியது, சாப்பாடு கட்டியது, நோயாளியின் கையைப் பிடித்தது எல்லாம் உறுப்பினர்களின் மனைவிமார்கள். ஆவணத்தில் அவர்கள் "திருமதி இன்னார்", கணவரின் பெயரோடு. அந்தப் பழைய பழக்கம் நம்மைவிட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறோம். இன்னும் போகவில்லை. மனைவியர் இருந்த இடத்தில் இப்போது எஸ்டேட் அம்மா இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேவை செய்கிறவர்கள் பாராட்டை எதிர்பார்க்கலாமா, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதே என்று என்னிடம் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். கேட்டவர் வீட்டு வரவேற்பறையில் நாற்பது நினைவுப் பரிசுகள் இருக்கின்றன. ஆகவே அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களை எனக்குத் தெரியும். 1833இல் பாரிசில் மாணவர்கள் தொடங்கிய சபை அது. நம் ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளிலும் இருக்கிறது. இருவர் இருவராக ஏழை வீடுகளுக்குப் போவார்கள். கூட்டத்தில் ஒரு பையைச் சுற்றி விடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்தால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை விட்டுவிடுங்கள். கொரோனாக் காலத்தில் சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை, மதம் பார்க்காமல் அடக்கம் செய்த இஸ்லாமிய இளைஞர்களில் ஒருவரிடம் விருதுக்கு விண்ணப்பம் போடச் சொன்னேன். "அல்லாஹ்வுக்குத் தெரியும் சார், கலெக்டருக்கு எதுக்கு?" என்றார். அதுவும் சரிதான்.

நான் கேட்பது மேடை இல்லை. சால்வைகூட இல்லை. கொலுசுக்காரருக்குச் சால்வை கொடுத்தால் அவர் அதை என்ன செய்வார்? நான் கேட்பது இன்னும் சில்லறையான விஷயம்.

ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முகாமுக்கும், கண் தானத்துக்கும், ராத்திரி ரத்தம் கொடுக்கப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியதற்கும் தேதி, இடம், வந்தவர் பெயர், என்ன செய்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார். உறுப்பினரா இல்லையா என்று ஒரு பத்தி வேண்டாம். அதை வைத்ததும்தான் பாகுபாடு ஆரம்பிக்கும். ஆண்டு முடிவில் அந்த நோட்டைப் பார்த்து அறிக்கை எழுதுங்கள். "20 தன்னார்வலர்கள்" என்று எழுதுகிற இடத்தில் இருபது பெயர் இருக்கட்டும்.

அப்புறம் காப்பீடு. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு இருபது ரூபாய். வங்கிக் கணக்கு இருந்து, 18 வயதிலிருந்து 70 வயதுக்குள் இருந்தால் போதும். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ இரண்டு லட்சம். நான் வங்கியில் வேலை பார்த்தவன். எத்தனையோ பேருக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நம் தன்னார்வலர் ஒருவரிடமும் இதை எடுத்திருக்கிறீர்களா என்று நான் கேட்டதில்லை. நாற்பது பேருக்கு எண்ணூறு ரூபாய். ஒரு நினைவுப் பரிசின் விலை. இதிலும் ஒரு குறை உண்டு: எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இதில் காசு வராது. கொலுசுக்காரருக்கு இது இருந்திருந்தாலும் அன்று உதவியிருக்காது. அதனால் மருத்துவச் செலவையும் சேர்த்துக் கொடுக்கும் குழு விபத்துக் காப்பீடு ஒன்றைச் சேலத்துச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து எடுக்கலாம். நான்கு சங்கம் பதவியேற்பு விழாவில் பூமாலைச் செலவைக் குறைத்தாலே முதல் தவணைக்குப் பெரும்பகுதி தேறிவிடும் என்பது என் கணக்கு.

பெட்ரோல் காசு, பஸ் காசு, போன கூலி. இவற்றைக் கொடுப்பதற்கு நமக்கு ஏனோ கூச்சம். சேவையைக் கூலியாக்கிவிடுவோம் என்ற பயம். ஆளுநர் காருக்கு டீசல் போடும்போது அந்தக் கூச்சம் நமக்கு வருவதில்லை.

உறுப்பினர் அல்லாதவருக்குச் செலவு செய்ய விதியில் இடமில்லை என்று அன்று எழுதினேனே, அந்த விதியையும் மாற்றுங்கள். பொதுக்குழுவில் ஒரு தீர்மானம், பத்து நிமிஷ வேலை. ரோட்டரி நண்பர்கள் வாரா வாரம் நான்கு வழிச் சோதனை வாசிக்கிறார்கள். 1932இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் நொடித்துப்போகவிருந்த தன் கம்பெனிக்காக எழுதிய நான்கு கேள்விகள். அதில் இரண்டாவது, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் இது நியாயமானதா என்பது. இந்த விதியை எடுத்துவைத்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு வார்த்தை, இந்த மடல் அவர் கண்ணில் பட்டால். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் காந்தி மைதானத்தில் நன்றாக வேலை பார்த்த அரசு ஊழியர்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறீர்கள். நல்ல வழக்கம். உடல் உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. அதை நம் ஊரில் பார்த்தபோது கூட்டத்தில் நின்ற கொலுசுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொடுத்தவருக்கு மரியாதை வந்துவிட்டது. கொடுக்கவைப்பதற்காக ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேனை நிறுத்தித் திட்டு வாங்கியவருக்கும் ஒரு காகிதம் கொடுங்கள். பேரன் பேத்தியிடம் காட்டவாவது ஆகும். பெயர்ப் பட்டியலை நாங்கள் நோட்டிலிருந்து எடுத்து அனுப்புகிறோம். யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை.

எங்கள் சங்கச் சுவரில் தொங்குகிற அந்தப் படத்தைப் பற்றி இப்போதைய தலைவரிடம் பேசினேன். இளைஞர், காது கொடுத்துக் கேட்டார். படத்தைக் கழற்ற வேண்டாம், கீழே பெயர் எழுதுவோம் என்றார். படத்தில் இருக்கிற எங்கள் ஏழு பேரின் பெயருக்கு முன்னால் எட்டாவதாக ஒரு பெயர், படத்தில் இல்லாதவருடைய பெயர். அதற்கு மட்டும் கொலுசுக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "பட்டறை ஆளுங்க யாரும் உங்க ஆபீசுக்கு வரமாட்டாங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தார்.

மலை முகாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. தேதி எஸ்டேட் அம்மா வைத்தது. காலை ஆறரைக்கு அடிவாரத்திலிருந்து வேன் கிளம்பும், உங்களில் யார் வந்தாலும் இடம் இருக்கிறது. எலுமிச்சம்பழம் நான் வாங்கிவருகிறேன், நோட்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் செயலாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.